‘இதோ’வுக்கு இங்கிலீஷ்

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டுப்பாடம் கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். தினமும் ஐந்து வரி டைரி எழுதுங்கள், நடந்ததை நடந்தபடி, எல்லாம் பாஸ்ட் டென்ஸில் என்று வகுப்பில் சொன்னேன். “நீங்க எழுதுவீங்களா மேடம்?” என்று டயர் கடை துரைக்கண்ணு அண்ணன் கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எழுதுவேன் என்று சொல்லித் தொலைத்தேன். ஆனால் தமிழில்தான் எழுதப் போகிறேன். எனக்கு இங்கிலீஷில் கோபம் வராது. கோபம் வராத மொழியில் என்ன டைரி?

சரி, இன்று நடந்தது. அறந்தாங்கி உரக்கடை மாடியில் வழக்கம்போல் யூரியா வாசனை. வெளியே தொங்கும் ‘தமயந்தி ஸ்போக்கன் இங்கிலீஷ்’ போர்டில் ‘ஸ்’ உதிர்ந்துவிட்டது. ‘போக்கன்’ என்று நிற்கிறது, பெயின்டரை மூன்று முறை கூப்பிட்டாயிற்று. துரைக்கண்ணு அண்ணன் இன்றும் கீழே செருப்பைக் கழற்றும்போதே “மேடம், ஐ கேம்!” என்று கத்தினார். “இன்னும் வரலண்ணே, படியிலதான் இருக்கீங்க. ஐ ஆம் கமிங்!” என்று நான் மேலேயிருந்து கத்தினேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மகன் டல்லாஸில் இருக்கிறான், பேத்திக்குத் தமிழ் வராதாம், அவளோடு பேச வேண்டுமாம். நல்ல மனிதர்தான், ஆனால் டென்ஸ் விஷயத்தில் என் உயிரை எடுக்கிறார்.

என் வீட்டுக்காரர் இன்று போன் செய்யவில்லை. சிங்கப்பூரில் திங்கள் ஓவர்டைம் இருக்கும். போன வாரம் பேசியபோது, “தீபாவளிக்கு வந்துட்டேன்னே வச்சுக்க” என்றார். போன தீபாவளிக்கும் அப்படித்தான் வச்சுக்கிட்டேன். அதற்கு முந்தைய பொங்கலுக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கியது. துடைத்துக்கொண்டிருக்கும்போது இவர் போன்.

குரல் சரியில்லை. சளியா என்றேன், இல்லை என்றார். மகள் இலக்கியா பள்ளிக்குப் போய்விட்டாளா என்று கேட்டார். பிறகு, நாங்கள் கல்யாணம் செய்து இத்தனை வருடத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“தமயா, ஒரு வேலை முதல்லயே முடிஞ்சிருச்சு, அப்புறம்தான் இன்னொன்னு நடந்துச்சுன்னா இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் புருஷன் பூமிநாதன் என்னிடம் கிராமர் கேட்கிறார்! மாப்பைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சொன்னேன். அதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட். நான் ஸ்டேஷன் போவதற்கு முன்னே ரயில் போய்விட்டது. த டிரெயின் ஹேட் லெஃப்ட்.

“ஹேட் போட்டா முதல்லயே முடிஞ்சதுன்னு ஆயிருமா?”

“ஆயிரும்.”

“யாரும் இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல?”

“ஏங்க, இது கிராமர்ங்க, கோர்ட்டு இல்ல.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார். எதற்குக் கேட்டார்? ஏதாவது பரீட்சை எழுதுகிறாரோ, பிரமோஷனோ. அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

போன் இல்லை. மாவு புளித்துவிட்டது. பெயின்டரும் வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிரமோஷனாம் பிரமோஷன்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமையே நடந்திருக்கிறது. ஆறு நாளாக வாயைத் திறக்காமல் இன்றுதான் போனில் சொல்கிறார் இந்த மனுஷன். இவர் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் ஒரு நீராவிக் குழாயைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. ஒரு முனையில் வால்வு, அதை மூட வேண்டியது இவர். மறு முனையில் குழாய் இணைப்பு, அதைக் கழற்ற வேண்டியது ரஃபீக். இருவருக்கும் நடுவே ஒரு சுவர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, வாக்கி டாக்கிதான். சூப்பர்வைசர் அதில் கேட்டிருக்கிறார், வால்வ் குளோஸ்டா என்று. இவர் “குளோஸ்டு சார், குளோஸ்டு” என்றிருக்கிறார். ரஃபீக்கும் அதைக் கேட்டிருக்கிறான். இணைப்பைத் திறந்தவுடன் நீராவி அடித்து வலது கையும் நெஞ்சும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

ரஃபீக் யார் என்று எனக்குத் தெரியும். டாக்காவுக்குப் பக்கத்தில் ஏதோ ஊர். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன். வீடியோ காலில் இலக்கியாவுக்கு ‘ஹலோ பேபி’ சொல்லுவான்.

அடுத்த வியாழன் விசாரணை. அதற்குள் நடந்ததை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான்தான் எழுத வேண்டுமாம்.

“வால்வை மூடினீங்களா?” என்று கேட்டேன்.

“மூடிட்டேன்னு சொன்னேன்ல.”

“சொன்னது தெரியுது. மூடினீங்களா?”

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“மூடிட்டேன் தமயா. ரூம்ல எல்லாரும் சொல்றாங்க, ஹேட் போட்டு எழுதிக் குடுத்துருன்னு. ரஃபீக் கழட்டுறதுக்கு முன்னாடியே நான் மூடியிருந்தேன். அவ்வளவுதான். எழுதி அனுப்பு.”

மூடிவிட்டேன் என்கிறார். என்னிடம் ஏன் பொய் சொல்லப் போகிறார்? எழுதிவிட்டேன். ஐ ஹேட் குளோஸ்டு த வால்வ் பிஃபோர் ரஃபீக் ஓபன்டு த ஜாயின்ட். ஒரு பிழை கிடையாது.

ஆகஸ்ட் 9, சனி

அந்த வரியை இன்னும் அனுப்பவில்லை. அனுப்பாததற்குக் காரணமும் இல்லை. நெட் சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். நெட்டுக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருக்கிறது.

காலையிலிருந்து உட்கார முடியவில்லை. ஃபேன் துடைத்தேன். மசாலா டப்பாவைக் கவிழ்த்துக் கழுவினேன். இலக்கியா பென்சில் சீவிய தூளைக் கீழே போட்டாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, “உனக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டாள். அதற்கு அவள் அழுதேயிருக்கலாம்.

வகுப்பில் இன்று பாஸ்ட் பெர்ஃபெக்ட்தான் நடத்த வேண்டியிருந்தது, பாடத்திட்டம் அப்படி. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். நர்சிங் படிக்கும் பர்வீன் எழுந்து, “த பேஷன்ட் ஹேட் டைடு பிஃபோர் த டாக்டர் கேம்” என்றாள். சரியான வாக்கியம். வெரிகுட் சொல்ல வாய் வரவில்லை. துரைக்கண்ணு அண்ணன், “பிஃபோர் ஐ கேம், ஐ ஹேட் கேம்” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போர்டைத் துடைத்தேன்.

இந்த ஹேட் ஒன்றை வைத்தால் என்ன ஆகும் என்று இவரிடம் நேற்றே கேட்டேன். வால்வு முன்னாலேயே மூடியிருந்தது என்றால் நீராவி எங்கிருந்து வந்தது? ரஃபீக் வேறு குழாயைக் கழற்றிவிட்டான் என்று ஆகும். தப்பு அவன் தப்பு. நஷ்ட ஈடு கிடைக்காது. கை குணமானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் அதைச் சொல்லிவிட்டு, “நான் என்ன பண்றது?” என்றார். நான் என்ன பண்ணுவது என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எண்ணெய்க் குளியல். மதியம் மட்டன் எடுக்கவில்லை, முட்டைதான். இலக்கியா முறைத்தாள்.

அவள் தலையில் எண்ணெயோடு பாத்ரூமில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் அந்த வரியை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஈரக்காலோடு வந்து நின்று, “மூணு தடவை வந்துட்டேன் வந்துட்டேன்னு சொன்ன. வரவே இல்ல” என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று துரைக்கண்ணு அண்ணனை நன்றாகத் திட்டிவிட்டேன். கீழேயிருந்து “ஐ கேம்” என்று கத்தினார், எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. “வராம வந்தேன்னு சொன்னா அது பொய்ண்ணே! இங்கிலீஷ்காரன் உங்களைப் பொய்யன்னுதான் நினைப்பான்!” என்றேன். பாவம், படியிலேயே நின்றுவிட்டார்.

பிறகு மேலே வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மேடம், திட்டுனா திட்டிட்டுப் போங்க. ஆனா பொய்யின்னு மட்டும் சொல்லாதீங்க. கஸ்டமர் போன்ல கேக்குறான், வேலை முடிஞ்சுதாண்ணே? இதோ முடிஞ்சிருச்சு தம்பிங்குறேன். அப்பத்தான் டயரையே கழட்டுவேன். அவனுக்கும் அது தெரியும். அதான் அரை மணி கழிச்சு வர்றான். யாரு யாரை ஏமாத்துனது?”

எல்லோரும் சிரித்தார்கள். பர்வீன், “எங்க அத்தாவும் இப்படித்தான் மேடம், பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாரு, வந்துட்டேம்மாம்பாரு” என்றாள். என் காதில் அந்த ‘இதோ’ மட்டும் நின்றது. சாக்பீஸை வைத்துவிட்டு, வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன். வேலை நேரம் என்று தெரியும். எடுத்தார்.

“ஏங்க, வாக்கி டாக்கியில குளோஸ்டுன்னு சொன்னீங்களே, மனசுல தமிழ்ல என்ன சொன்னீங்க?”

“என்ன கேக்குற நீ?”

“மூடிட்டேன்னா? இதோ மூடிட்டேன்னா?”

அவர் அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் அழுது கேட்டதில்லை, அவர் அப்பா செத்த அன்றுகூட.

“கை வால்வு மேலதான் இருந்துச்சு தமயா. சுத்திக்கிட்டேதான் இருந்தேன். இன்னும் நாலு சுத்துதான் பாக்கி. அவரு அவசரப்படுத்துறாரு, மனசுல வந்தது ‘இதோ மூடிட்டேன் சார்’னுதான். வெளிய போனது குளோஸ்டு. நான் பொய் சொல்லல தமயா. சத்தியமா பொய் சொல்லல.”

பொய் சொல்லவில்லைதான். ஆனால் அந்தக் குளோஸ்டைக் கேட்டது ரஃபீக். ஒரு தமிழ் ஆள் அங்கே இருந்திருந்தால், மூடிட்டியா மூடப்போறியா என்று மறுபடி ஒரு கேள்வி கேட்டிருப்பான். ரஃபீக்கை யார் குறை சொல்ல முடியும்? இங்கிலீஷில் சொன்னதை இங்கிலீஷிலேயே நம்பினான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஹேட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஐ வாஸ் குளோஸிங் த வால்வ் வென் ஐ செட் குளோஸ்டு. மூடிக்கொண்டிருந்தேன். அப்படியே போனில் படித்துக் காட்டினேன்.

“இதைக் குடுத்தா வொர்க் பெர்மிட்டைக் கட் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்ருவானுங்க. தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“வீடு பாதியில நிக்குது. கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. உனக்கென்ன, நீ டீச்சர், உனக்கு கிராமர் பெருசு. எனக்கு வேலை பெருசு.”

“ரஃபீக்குக்கு கை பெருசு” என்றேன்.

அதற்கு அவர் ஒன்று சொன்னார். எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதுகிறேன். “நான் ஊருக்கு வந்துரணும்னுதானே இப்படி எழுதுற?” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. கீழ் வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்கும் அளவுக்குக் கத்தினேன். போனை வைத்துவிட்டேன். என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை! ஒரு மனுஷன் வெந்து கிடக்கும்போது, நான் என் ஆசைக்காக டென்ஸை மாற்றுகிறேனாம்! அவர் வராமல் எனக்கு என்ன குறைந்துபோயிற்று? கேஸ் நான்தான் புக் பண்ணுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போகிறேன். இத்தனை நாள் தனியாகத்தானே கிடக்கிறேன்.

இவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டியதில்லை.

மாலை இரண்டு வரிகளையும் டைப் செய்து இரண்டையும் அனுப்பினேன். ஹேட் போட்டது ஒன்று, வாஸ் போட்டது ஒன்று. கையெழுத்துப் போடப்போவது நீங்கள், எது நடந்ததோ அதில் போடுங்கள் என்று கீழே எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பதில் இல்லை. வகுப்புக்கு லீவு விட்டேன், தலைவலி என்று. ஹேட்டில் போட்டிருந்தால் நான் என்ன செய்வேன்? அவரோடு எப்படிப் பேசுவேன்? வாஸில் போட்டிருந்தால் அந்த வீட்டை எப்படிக் கட்டுவோம்? பெயின்டர் இன்றுதான் வந்தான், ‘ஸ்’ எழுதிவிட்டுப் போனான். கோணலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று விசாரணை. மாலை வரை போன் இல்லை. துணி மடித்தேன், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். இலக்கியா இங்கிலீஷில் பேசினாள், இந்தியா பிகேம் ஃப்ரீ என்று. நான்தான் எழுதிக் கொடுத்தது. அவள் மேடையில் நின்று தலைவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கூட்டத்தை விட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

“வாஸ் போட்டதைத்தான் குடுத்தேன்” என்றார்.

யாருடைய சைக்கிளிலோ சாய்ந்துகொண்டேன்.

நடந்ததைச் சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூடாமலே மூடியாயிற்று என்று சொன்னாயா என்று கேட்டார்களாம். எஸ் சார் என்றாராம். ஏன் என்று கேட்டார்களாம். எங்கள் மொழியில் ‘இதோ’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது சார், அதைப் போட்டுச் சொன்னால் செய்யப்போவதையும் செய்துவிட்ட மாதிரி சொல்லுவோம் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். அதில் ஒருவர் பேனாவை எடுத்து, அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டாராம்.

“எனக்குத் தெரியல. நின்னேன். நீ பக்கத்துல இருந்தா கேட்டிருப்பேன். என்ன தமயா அதுக்கு இங்கிலீஷ்ல?”

ஹியர் என்று சொல்லலாமா? ஜஸ்ட் நௌ? ரைட் அவே? எதைச் சொன்னாலும் பாதிதான் வருகிறது. இத்தனை வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிறேன், எனக்கு வரவில்லை. “தெரியலங்க” என்றேன்.

ரஃபீக் மேல் தப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. இவருக்குப் பெர்மிட் ரத்து. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். ரஃபீக் கட்டுப் போடாத இடது கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எப்போது ஊருக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்டானாம்.

“டிக்கெட் போடுறாங்க. நான் வந்துட்டேன்னே வச்சுக்க” என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். “வருவேன்” என்று திருத்தினார்.

திரும்பிப் போனபோது இலக்கியா பேசி முடித்திருந்தாள். கேட்டியாம்மா என்றாள். கேட்டேன் என்றேன். மிட்டாயை எனக்குப் பாதி கடித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வேலை போனது ஊருக்கே தெரிந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பேசுகிறார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்குள் வந்தால் அவருடைய சட்டைகளை எடுத்து வெயிலில் போடுகிறேன். தலையணை உறை மாற்றினேன். கருவாடு வாங்கி வைத்தேன். கட்டி முடிக்காத வீட்டைப் பார்த்தால் பகீர் என்கிறது, அடுத்த நிமிடமே என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவர் அன்று சொன்னதற்கு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது யாரும் என்னைக் கேட்காமல் இருந்தால் சரி.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போன். பஸ் ஏறுகிறேன் என்றார். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம், வகுப்பை நடத்து என்றார். பதினோரு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு போன், “இதோ வந்துட்டேன்” என்று. புதுக்கோட்டையில் இருந்துகொண்டு! இந்த மனுஷனைத் திருத்தவே முடியாது.

வகுப்பில் போர்டு நிறைய எழுதினேன். கோ, வென்ட், கான். கம், கேம், கம். பின்னால் யார் என்ன சொல்கிறார்கள் என்றே காதில் ஏறவில்லை. அப்போது கீழே படியடியிலிருந்து சத்தம்.

“வந்துட்டேன்!”

நான் போர்டைப் பார்த்தபடியே வழக்கம்போல் கத்தினேன். “இன்னும் வரலண்ணே! படியிலதான் இருக்கீங்க! எத்தனை தடவை சொல்றது?”

“மேடம்” என்று மெதுவாகக் கூப்பிட்டார் துரைக்கண்ணு அண்ணன், முதல் பெஞ்சிலிருந்து. “நான் இங்கனதான் இருக்கேன்.”

திரும்பினேன். படியில் பெட்டி இடிக்கும் சத்தம் ஏறி வந்தது. பிறகு வாசலில் இவர். இளைத்துவிட்டார். காதுக்கு மேலே நரை. கையில் இலக்கியாவுக்கு ஏதோ பொம்மை, பைக்குள் அடங்காமல் காதை நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கூச்சம், என்னையே பார்த்தார்.

“டென்ஸ் கரெக்டா மேடம்?” என்று கேட்டாள் பர்வீன். குறும்புக்காரி.

கரெக்ட் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். துரைக்கண்ணு அண்ணன் எழுந்து போய்ப் பெட்டியை வாங்கினார். “சிங்கப்பூர்ல வால்வு வேலைன்னு மேடம் சொல்லியிருக்காங்க. நம்ம கடையிலயும் வால்வுதாங்க, என்ன, கொஞ்சம் சின்னது. ஒரு நாளைக்கு வந்து பாருங்க” என்றார். இவர் சிரித்தார். நான் வகுப்பை முடித்துவிட்டேன் என்று சொன்னேன், ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை, நானும் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரஃபீக் போன் செய்தான். கட்டு மாற்றினார்களாம், விரல் அசைகிறதாம். இவர் அவனோடு பேசும்போது வெளியே போய் நின்றுகொண்டார், நெடுநேரம் உள்ளே வரவில்லை. கட்ட வேண்டிய வீட்டைப் பற்றி இருவருமே இன்று பேசவில்லை. நாளை பேச வேண்டும். சண்டை வரும்.

மீன் குழம்பு வைத்தேன். இலக்கியா தலையில் எண்ணெயோடு பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். “இதோ வந்துட்டேன்” என்று நான் அடுப்படியிலிருந்து சொல்வதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. அவர் ஏதோ சொல்கிறார், அவள் சிரிக்கிறாள். வீட்டில் இருக்கிறார்.